'ப்ராக்ரஸ்' வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

மருத்துவ ஆவணங்களைத் தமிழாக்கம் செய்ய வரும் புதியவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. ஒற்றுப்பிழை, நீள வாக்கியம் எல்லாவற்றையும் நானே சரிசெய்துவிட்டுப் போய்விடுவேன். 'ப்ராக்ரஸ்' (progress) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடங்களில் மட்டும் போன் போட்டே ஆக வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் நான் செய்த அதே தப்பைச் செய்து அனுப்புகிறார்கள்.

நோய்க்கு "முன்னேற்றம்" போடுவது

புற்றுநோய் மருந்துச் சோதனைக்கான ஒப்புதல் படிவம். நோய் 'ப்ராக்ரஸ்' ஆனால் மருந்தை நிறுத்திவிடுவோம் என்கிறது ஆங்கில மூலம். தமிழில் வந்த வரி: "நோயில் முன்னேற்றம் ஏற்பட்டால் மருந்து நிறுத்தப்படும்."

இறுதி செய்யும் முன் படிவத்தை ஓரிருவரிடம் படித்துக் காட்டி, புரிந்ததை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வோம். இந்த வரியைக் கேட்ட ஓர் அம்மா, "நல்லாயிடுச்சுன்னா அப்புறம் எதுக்கு மருந்து? நிறுத்திக்கலாம், அதானே தம்பி?" என்றார். படிவம் சொல்ல வந்தது நேரெதிர்.

"முன்னேற்றம் தெரியுது" என்று டாக்டர் சொன்னால், நேர்த்திக்கடன் செலுத்தக் குடும்பமே கிளம்பிவிடும். ஆங்கிலச் சொல்லுக்கு அந்த நல்ல குணம் கிடையாது. கட்டிகளை அளக்க மருத்துவர்கள் பின்பற்றும் 'ரெசிஸ்ட் 1.1' விதிகளை (2009) பாருங்கள். குறித்துவைத்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டுகிறார்கள். அந்தத் தொகை, இதுவரை பதிவான குறைந்தபட்ச அளவைவிட 20 சதவீதமாவது கூடி, அந்தக் கூடுதலும் 5 மில்லிமீட்டராவது இருந்தால், அதன் பெயர் 'ப்ராக்ரஸிவ் டிஸீஸ்'. புதுக் கட்டி முளைத்தாலும் அதே பெயர்தான்.

"நோய் அதிகமானால்" என்று எழுதுங்கள். "தீவிரமடைந்தால்" என்பதும் சரி. "முற்றினால்" மட்டும் வேண்டாம். ஸ்கேனில் சில மில்லிமீட்டர் கூடியதற்கு, கதை முடிந்தது என்று ஆள் உடைந்துபோவார். 'ப்ராக்ரஷன்-ஃப்ரீ சர்வைவல்' என்பதை "நோய் அதிகமாகாமல் உயிரோடிருக்கும் காலம்" என்றால் யாருக்கும் புரியும். நீளம்தான், பரவாயில்லை.

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது, சரிபார்ப்பிலேயே இது தப்பித்துவிடுவதுதான். தமிழ்ப் படிவத்தை வேறொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவார். பேக் டிரான்ஸ்லேஷன் என்பார்கள். அவர் "முன்னேற்றம்" என்பதைப் பார்த்ததும் 'ப்ராக்ரஸ்' என்று எழுதுவார். இரண்டு ஆங்கிலமும் அச்சு அசலாகப் பொருந்தும், சான்றிதழில் கையெழுத்தும் விழுந்துவிடும். "அதான் மேட்ச் ஆகுதே சார், எதுக்கு மாத்தணும்?" என்று ஓர் ஏஜென்சி என்னிடம் மல்லுக்கு நின்றது. சோதனையில் சேருபவருக்குப் புரியும் மொழியில் விவரம் தர வேண்டும் என்கின்றன இந்தியாவின் 2019-ம் ஆண்டுப் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகள். மேட்ச் ஆனால் போதும் என்று அவை எங்கும் சொல்லவில்லை. நோய் முற்றிலும் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்க, குணமாகிவிட்டதால்தான் மருந்தை நிறுத்துகிறார்கள் என்று நம்பி ஒருவர் வீட்டுக்குப் போவார். அதற்கு யார் பொறுப்பு?

"முற்போக்கு" நோய்

'ப்ராக்ரஸிவ்' என்பதற்கு அரசியல் அர்த்தத்தைப் போட்டு, "முற்போக்குத் தசைச் சிதைவு" என்று ஒருவர் எழுதியிருந்தார். நோய் எந்தக் கட்சியில் சேர்ந்ததோ தெரியவில்லை. "நாளாக நாளாகக் கூடும் தசைச் சிதைவு" என்றால் முடிந்தது.

ப்ராக்ரஸ் நோட்ஸ்

கேஸ் ஷீட்டில் டாக்டர் தினமும் எழுதுவது. "முன்னேற்றக் குறிப்பு" என்று போடாதீர்கள். நோயாளியின் நிலை மோசமாவதும் அதில்தான் பதிவாகும். "அன்றாட நிலைக் குறிப்பு" போதும்.

பெயரை மொழிபெயர்ப்பது

அறிவியல் கட்டுரையும் செய்பவர்களுக்காக: 1978 முதல் விண்வெளி நிலையங்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் ரஷ்ய விண்கலத்தின் பெயர் புரோகிரஸ். "முன்னேற்றம் விண்கலம்" என்று எழுதினால் வாசகர் குழம்புவார். மாஸ்கோவின் 'ப்ராக்ரஸ் பப்ளிஷர்ஸ்', அதாவது முன்னேற்றப் பதிப்பகம், விதிவிலக்கு. தமிழ்ப் புத்தகங்களில் அவர்களே அப்படித்தான் அச்சிட்டார்கள்.

கணக்கில்

'அரித்மெடிக் ப்ராக்ரஷன்' கூட்டுத் தொடர்வரிசை, 'ஜியோமெட்ரிக் ப்ராக்ரஷன்' பெருக்குத் தொடர்வரிசை. பத்தாம் வகுப்புப் பாடநூலைத் திறங்கள்.

ப்ராக்ரஸிவ் லென்ஸ்

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாக வருவது. பெயரை அப்படியே விடுங்கள். கண்ணாடிக் கடையில் வேறெதைச் சொன்னாலும் முழிப்பார்கள்.