பிரான்மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவருக்கு

சிங்கம்புணரியை அடுத்த பிரான்மலை சுமார் 2,500 அடி உயரம். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. பாரியின் பறம்பு மலை என்று கேள்விப்பட்டுப் பலர் வருகிறார்கள். காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ விடியலில் வேன் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்பதால், இதற்கென்று யாரும் தனியாகத் தயாராவதில்லை. ஆனால் 108 வண்டி அடிவாரம் வரைதான் வரும். அதற்கு மேலே ஒருவர் சாய்ந்துவிட்டால் அவரைக் கீழே கொண்டுவர வேண்டியது உங்கள் குழுதான். அதனால் ஆள் சேர்க்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: நடக்க முடியாத ஒருவரைத் தூக்கி இறக்க நம்மிடம் ஆள் இருக்கிறதா? திடமான பெரியவர்கள் ஆறு பேராவது இல்லாத குழுவைக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன்

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். வழி தெரிந்தவர் ஒருவர் முன்னால், நிதானமானவர் ஒருவர் கடைசியில். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. நடை வேகத்தை முடிவு செய்வது குழுவிலேயே மெதுவாக நடப்பவர்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை எண்ணுங்கள்.

முதல்நாளே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி, வலிப்பு, ஒவ்வாமை, போட்டுக்கொள்ளும் மாத்திரை. பலர் முன்னால் கேட்டால் பாதி உண்மைதான் வரும். "ஆச்சி, நீர் பிரிய மாத்திரை ஏதும் போடுறீங்களா?" என்று நேராகவே கேட்கலாம், அந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு வெயில் சீக்கிரம் தாக்கும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் ஏறுகிறவருக்குச் சர்க்கரை இறங்கிக் கைநடுக்கம், வியர்வை, குழப்பம் வரும். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை.

ஏறுவதற்கு நல்ல காலம் மார்கழியும் தையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். சித்திரை, வைகாசியில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்கி, உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் ஒன்பது மணிக்குத் திரும்புங்கள். அந்த நேரத்தைக் கீழேயே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். மேலே போய்ப் பேசினால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்பதுதான் ஜெயிக்கும்.

தண்ணீரும் வெயிலும்

குளிர் மாதத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர், கோடையில் மூன்று. இது போகப் பொதுவில் ஐந்து லிட்டர். அது குடிக்க அல்ல, யாருக்காவது வெயில் தாக்கினால் மேலே ஊற்ற. மலைச் சுனையை நம்பிக் குறைத்து எடுக்காதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், சின்னதற்கு 200 மில்லி. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு கூடி வாந்தி வரும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும்.

தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் இருந்தும் பேச்சு தெளிவாக இருந்தால் அது வெயில் களைப்பு. நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, ஓ.ஆர்.எஸ். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் சரியாகும். அதற்கு மேல் அவரை ஏறவிடாதீர்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, இருக்கும் இடம் தெரியாமல் பேசினால் அது வெப்பவாதம், உயிருக்கே ஆபத்து. வியர்க்கிறது என்பதற்காக அது இல்லை என்று நினைக்காதீர்கள். ஏறிக்கொண்டிருந்தவருக்கு வியர்த்துக்கொண்டே வெப்பவாதம் வரும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, உடனே தூக்கிக்கொண்டு இறங்குவது. தூக்கி இறக்கும் நேரமெல்லாம் மூளை சூட்டில் கிடக்கும். ஒருவர் 108-க்குப் பேசட்டும். மற்றவர்கள் அந்த இடத்திலேயே குளிரவைக்க வேண்டும். சட்டையைக் கழற்றி, அந்த ஐந்து லிட்டரைத் தலை, கழுத்து, நெஞ்சு, தொடை என்று நனைய ஊற்றி, நான்கு பேர் துண்டால் விடாமல் வீசுங்கள். காற்று பட்டு ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு இறங்கும். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு வீசாமல் இருந்தால் பலன் குறைவு. நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. பேச்சு தெளிந்த பிறகு இறக்குங்கள். வழியிலும் நனைத்துக்கொண்டே போங்கள்.

பாம்பு

இந்த வறண்ட பாறைக்காட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது சுருட்டை விரியன். சின்னதாக இருக்கும், சருகோடு சருகாகக் கிடக்கும், சீண்டினால் உடலை உரசி ரம்பம் அறுப்பதுபோல் ஒலி எழுப்பும். கண் பார்க்காத பாறை இடுக்கில் கை வைத்து ஏறும்போதும், ஒதுங்கப் போகும்போதும் கவனம் வேண்டும். கணுக்காலை மூடும் ஷூவும் கையில் ஒரு கம்பும் போதும், பெரும்பாலான கடியைத் தவிர்க்கலாம்.

கடித்துவிட்டால் பாம்பைத் தேடாதீர்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே கொடுப்பது ஒரே நச்சுமுறி மருந்துதான். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். விரியன் நஞ்சு கடித்த இடத்துச் சதையையே அரிக்கும். கயிறு கட்டினால் காலையே எடுக்க நேரலாம். வேறு யாராவது முன்னமே கட்டியிருந்தால் மலையில் அவிழ்க்க வேண்டாம், மருத்துவர் பார்த்து அவிழ்க்கட்டும்.

வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் ஒரு குச்சி வைத்துக் காலை அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தைப் பேனாவால் தோலிலேயே எழுதி, வீக்கத்தின் விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். அவரை நடக்கவிடாமல் தூக்கி இறக்குங்கள். ஈறில் ரத்தம் கசிகிறதா, இமை சரிகிறதா, விழுங்கச் சிரமப்படுகிறாரா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போதே போன் செய்து மருந்து இருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் பச்சிலை வைத்தியரிடம் நிறுத்தும் ஒரு மணி நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது. வலியே இல்லையென்றாலும் போக வேண்டும். கட்டு விரியன் கடித்த இடம் சில சமயம் தெரியவே தெரியாது.

தூக்குகிற விதம்

ஏழடி மூங்கில் கம்பு இரண்டும் எட்டு முழப் பருத்தி வேட்டி இரண்டும் கூடவே வரட்டும். ஏறும்போது கம்பு ஊன்றுகோலாகும். கம்புகளை ஒன்றரை அடி இடைவெளியில் படுக்கவைத்து, முதல் வேட்டியின் முழு நீளத்தையும் இரண்டு கம்பையும் சேர்த்துச் சுற்றுங்கள். மூன்று நான்கு சுற்று வரும். அதை ஒட்டி, கம்பின் இரு முனையிலும் பிடிக்க இடம் விட்டு, விளிம்பு மேலேறும்படி இரண்டாவது வேட்டி. முடிச்சு தேவையில்லை, படுத்திருப்பவரின் பாரமே துணியை இறுக்கிப் பிடிக்கும். பாலியெஸ்டர் வேட்டி வழுக்கி உருவிக்கொள்ளும். முதலில் திடமான ஒருவரைப் படுக்கவைத்து இடுப்புயரம் தூக்கிப் பாருங்கள். படியில் இறங்கும்போது கால் முன்னே, தலை மேலே. ஒருவர் வெறுங்கையோடு முன்னால் போய் "படி, வளைவு, ஈரம்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், கை நடுங்கும் வரை காத்திருக்காதீர்கள்.

மற்றவை

பாறை முகட்டில் மலைத்தேனீ அடை தெரிந்தால் சத்தமோ புகையோ வேண்டாம், விலகிப் போங்கள். கொட்டத் தொடங்கினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். நின்று அடித்தால் கூட்டமே வரும். கொட்டுப்பட்டவருக்கு உதடு வீங்கி மூச்சுத் திணறினால் மாத்திரை போதாது, அட்ரினலின் ஊசி வேண்டும், அதனால் உடனே இறக்குங்கள். நெஞ்சை அழுத்துகிற வலி வந்தவரை ஓர் அடிகூட நடக்கவிடாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையும் வயிற்றுப் புண்ணும் இல்லாதவருக்கு 325 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைச் சப்பிச் சாப்பிடக் கொடுத்துத் தூக்கி வாருங்கள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு தாள் கையோடு போகட்டும். பெயர், வயது, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, வழக்கமாகப் போடும் மாத்திரை, ஒவ்வாமை, நீங்கள் கொடுத்தது, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம். குழுவிலிருந்து ஒருவர் வண்டியில் கூடப் போகட்டும். மற்றவர்களை எண்ணிப் பார்த்து வேனில் ஏற்றுங்கள்.