கையில்லா அங்கி: பர்னூஸை வாங்குவதும் போர்த்துவதும்

பாலைவனத்தின் வாசல்தானே என்று மெல்லிய ஸ்வெட்டரோடு அல்ஜீரியாவின் ஜெல்ஃபாவில் போய் இறங்கியவன் நான். ஊர் 1,100 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது, குளிர்காலத்தில் பனி கொட்டும். மறுநாளே ஒரு பர்னூஸ், அதாவது முக்காடு வைத்த, கையில்லாத நீண்ட கம்பளி அங்கி வாங்கினேன். ஏமாந்துதான் வாங்கினேன்.

பழுப்பாக இருந்தால் ஒட்டக மயிர் என்று நம்பியதுதான் தவறு. ஒட்டக மயிரை அங்கே வபர் என்பார்கள். பக்கத்திலுள்ள மெஸ்ஸாத் அதற்குப் பெயர்போன ஊர். விலை அதிகம் என்பதால் போலியும் உண்டு. காசு கொடுக்கும் முன் ஓரத்து இழை ஒன்றைக் கேட்டு வாங்கித் தீயில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து விரலில் பொடிந்தால் மயிர், உருகி மணியாகத் திரண்டால் செயற்கை நூல். ஒட்டகமா செம்மறியா என்பதை நெருப்பு சொல்லாது. அதற்கு விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

அடுத்து மார்பைப் பாருங்கள். பொத்தான் கிடையாது. இரு விளிம்புகளும் அங்கே சிறிது தூரம் மட்டும் இணைந்திருக்கும், இழுவை முழுவதும் அந்த இடத்தில்தான். தையல் தளர்ந்திருந்தால் வேண்டாம். நீளம் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கட்டும். படியேறும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள்.

முக்காடு வைத்த இன்னொரு நீள அங்கியான ஜெல்லாபாவுக்குக் கை உண்டு, பர்னூஸுக்கு இல்லை. முதல் வாரம் முழுக்க உள்ளிருந்து இரு கைகளாலும் அதை இறுக்கிப் பிடித்தபடி நடந்தேன். கதவைத் திறக்க வேறொருவர் வர வேண்டியிருந்தது. பிடிக்கவே கூடாது. தலைவழியாக நுழைத்ததும், வலப் பக்கத்தை மேல்துண்டைப் போல இடத் தோளுக்கு மேல் வீசிவிடுங்கள். கழுத்தும் மார்பும் மூடிக்கொள்ளும். வேலை இருந்தால் இரு பக்கங்களையும் தோளுக்குப் பின்னால் தள்ளிவிடலாம். உட்காரும் முன் பின்புறத்தைச் சற்றுத் தூக்கிக்கொள்ளுங்கள். மறந்தால் முக்காடு பின்னே இழுத்துத் தொண்டையை நெரிக்கும்.

வெள்ளைக் கம்பளியில் நெய்தது விசேஷங்களுக்கு, குறிப்பாக மாப்பிள்ளைக்கு. அல்ஜீரியாவின் வடக்கு மலைப்பகுதியான கபீலியாவில் மணப்பெண் தகப்பனாரின் பர்னூஸ் நிழலில்தான் வீட்டைவிட்டு வெளியேறுவாள் என்று உடன் வேலை பார்த்த ஒருவர் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது, அவருக்கு மூன்று பெண்கள்.

வெந்நீரில் துவைக்காதீர்கள், கம்பளி சுருங்கித் தடித்துவிடும். நனைந்தால் தொங்கவிடாமல் நிழலில் பரப்பி உலர்த்துங்கள். கோடையில் கிராம்பு வைத்துத் துணியில் சுற்றி வையுங்கள், அந்துப்பூச்சி நல்ல கம்பளியைத் தேடி வரும். போலியாக வாங்கிய என் முதல் பர்னூஸை மட்டும் இன்றுவரை ஒரு பூச்சியும் தொடவில்லை.