‘என்னமோ சரியாப் படலை’: தேர்வுக் குழுவின் பேச்சில் உள்ளுணர்வைக் கண்டுபிடிப்பது எப்படி?

வேலைக்கான நேர்காணல் முடிந்து குழு கூடிப் பேசும்போது, ஒருவர் கண்டதைச் சொல்கிறாரா, தோன்றியதைச் சொல்கிறாரா என்பதை அவருடைய வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில், வாயில் வந்ததை வந்தபடியே எழுதுங்கள். ‘தொடர்பாற்றல் குறைவு’ என்று அலுவலக நடைக்கு மாற்றினால் தடயமே அழிந்துபோகும். பிறகு வினைகளை அடிக்கோடிடுங்கள். ‘கணக்கைப் போட்டுக் காட்டினார்’ என்பதில் எழுவாய் வேட்பாளர். ‘எனக்கு என்னமோ சரியாப் படலை’, ‘தேறுவார்னு தோணுது’ என்பவற்றில் வேட்பாளர் செய்தது எதுவுமே இல்லை. பேசுபவரின் ‘எனக்கு’தான் இருக்கிறது. ‘ஒரு மாதிரி’, ‘பார்த்தாலே தெரியுது’ எல்லாம் இதே இனம்.

மாறுவேடம் போட்டு வருவதைப் பிடிப்பதுதான் கடினம். ‘ஆட்டிட்யூட் சரியில்ல’, ‘டீமுக்கு செட் ஆகமாட்டார்’ என்பவை காரணம் போலவே ஒலிக்கும். அப்போது ‘ஏன்?’ என்று கேட்காதீர்கள். அந்த நிமிடமே ஒரு காரணம் தயாராகிவிடும். “அவர் என்ன சொன்னப்போ அப்படித் தோணுச்சு?” என்று கேளுங்கள். ‘பழைய வேலையில நடந்த தப்பைப் பத்தி மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் டீம் மேலயே பழி போட்டார்’ என்றால் அது சான்று. மறுபடியும் ஓர் அடைமொழியே வந்தால் உள்ளுணர்வு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

‘நம்ம ஆள் மாதிரி இருக்கார்’ என்ற பேச்சை மட்டும் கேள்வி கேட்காமல் விடவே கூடாது. ஊரா, கல்லூரியா, ஆங்கில உச்சரிப்பா, சாதியா? எது ஒத்துப்போனதால் அப்படித் தோன்றியது?

இதற்காக உள்ளுணர்வைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 1950களில் இஸ்ரேல் ராணுவத்துக்கு உளவியலாளர் டேனியல் கானமன் வகுத்த நேர்காணலில், ஆறு பண்புகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகு, கண்ணை மூடி மொத்தமாக ஒரு மதிப்பீடு தரச் சொன்னார். அதுவும் அந்த ஆறின் கூட்டுத்தொகைக்கு இணையாகப் பலித்தது. வரிசைதான் முக்கியம். எனவே பேசத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தனித்தாளில் மதிப்பெண் போடட்டும். உள்ளுணர்வுக்குக் கடைசிக் கட்டம். மேலாளர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் ‘தோணுது’ என்றால் மற்றவர்களுக்கும் அதுவே தோன்றும்.

ஆறு மாதம் கழித்துத் தாள்களை எடுத்து, எவருடைய ‘தோணுது’ பலித்தது என்று பாருங்கள். வேலைக்கு எடுத்தவர்களை மட்டுமே இப்படிச் சரிபார்க்க முடியும். ‘படலை’ என்று அனுப்பிவிட்டவர் எப்படி வேலை செய்திருப்பார் என்பது தெரியப்போவதே இல்லை. அதனால் நிராகரிப்புக்குச் சான்று ஒன்றாவது தாளில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.