கட்டணம் தின்னாத வங்கிக் கணக்கு: தென்னாப்பிரிக்காவில் முதன்முறை தொடங்குபவர்களுக்கு

வங்கிக் கணக்கு தொடங்குவது இன்று பெரிய வேலை இல்லை. தொடங்கிய கணக்கில் விழும் பணம் கட்டணமாகக் கரையாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் குடியிருப்புகளில் உதவித்தொகையை நம்பி வாழும் முதியவர்கள், டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்புக் காட்டை ஒட்டிக் குடியிருப்பவர்கள், வீட்டு வேலைக்கும் தையல் ஆலைக்கும் போகும் பெண்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆயாவுக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ கூட நின்று செய்துகொடுக்கும் பிள்ளைகளும் படிக்கலாம்.

2004 அக்டோபரில் அப்சா, எஃப்என்பி, நெட்பேங்க், ஸ்டாண்டர்ட் பேங்க் ஆகிய நான்கு பெரிய வங்கிகளும் அஞ்சல் வங்கியும் சேர்ந்து ஏழைகளுக்காக ‘ம்சான்சி’ கணக்கைக் கொண்டுவந்தன. மாதக் கட்டணம் கிடையாது. நான்கே ஆண்டுகளில் 60 லட்சத்துக்கும் மேல் கணக்குகள் திறக்கப்பட்டன. அவற்றில் கணிசமானவை பிறகு பயன்பாடின்றிக் கிடந்தன. ஆகவே கணக்கு திறப்பதற்கு முன்பே, அதை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று யோசித்துவிடுவது நல்லது.

படி 1: உங்கள் மாதத்தை எழுதுங்கள்

ஒரு தாளும் பேனாவும் போதும். பணம் எந்தத் தேதியில், எங்கிருந்து வருகிறது? மாதத்தில் எத்தனை முறை ரொக்கம் எடுப்பீர்கள்? யாருக்காவது அனுப்புவீர்களா? நடந்து போகும் தூரத்தில் இருப்பது வங்கிக் கிளையா, ஏடிஎம்மா, பல்பொருள் அங்காடியா? கடைசிக் கேள்விதான் முக்கியம். கிளைக்குப் போய்வர டாக்சிக்கே காசு செலவாகும் என்றால், அந்த வங்கியின் மாதக் கட்டணம் குறைவாக இருந்து என்ன பயன்?

படி 2: கணக்கைத் தேர்ந்தெடுங்கள்

2001-இல் தொடங்கிய கேப்பிடெக், எளிய ஒரே கணக்கு என்ற வழியில் வளர்ந்தது. டைம்பேங்க் என்ற பெயரில் வந்த வங்கி, கிளைகளே இல்லாமல் பிக் அன் பே, பாக்சர் கடைகளில் இயந்திரங்களை நிறுத்தி, மாதக் கட்டணமில்லாத கணக்கைக் கொடுத்தது. பெரிய வங்கிகளிலும் மலிவான கணக்கு உண்டு. ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறுவதால் நான் எண்கள் எதையும் எழுதவில்லை. நடப்பு ஆண்டின் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கி, மாதக் கட்டணத்தோடு இந்த நான்கு வரிகளையும் பாருங்கள்: கடைக் கல்லாவில் ரொக்கம் எடுக்க எவ்வளவு, வேறு வங்கி ஏடிஎம்மில் எடுக்க எவ்வளவு, ரொக்கம் செலுத்த எவ்வளவு, பணமில்லாமல் தானியங்கிப் பற்று (உங்கள் ஒப்புதலின் பேரில் ஒரு நிறுவனம் மாதாமாதம் கணக்கிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும் தொகை) திரும்பினால் எவ்வளவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது மாதக் கட்டணம் மட்டும்தான்.

வங்கி மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2024 ஏப்ரல் 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 ராண்ட் வரை பாதுகாப்பு உண்டு.

படி 3: திறப்பது

பச்சை அடையாளப் புத்தகம் அல்லது ஸ்மார்ட் அடையாள அட்டை, உங்கள் பெயரிலேயே பதிவான கைபேசி எண். அடிப்படையில் இவ்வளவுதான். சில வங்கிகள் முகவரிச் சான்றும் கேட்கும். மகன் வீட்டின் பின்கட்டில் குடியிருக்கும் முதியவருக்கு மின்கட்டண ரசீது அவர் பெயரில் இருக்காது. அப்போது எந்த ஆவணம் ஏற்கப்படும் என்று வங்கியில் கேளுங்கள். உறுதிமொழிப் பத்திரம் போதும் என்றால் காவல் நிலையத்திலேயே கையெழுத்திட்டு முத்திரை வாங்கலாம்.

கடை இயந்திரம் விரல்ரேகையைச் சரிபார்க்கும். காலமெல்லாம் கையால் உழைத்து ரேகை தேய்ந்தவர்களுக்கு அது மக்கர் செய்யலாம். இயந்திரத்தோடு சண்டை போடாமல், கிளை உள்ள வங்கிக்குப் போங்கள். பேரனுடைய கைபேசி எண்ணைக் கொடுக்காதீர்கள். பேரன் எண்ணை மாற்றினால் வங்கிச் செய்திகள் யாரிடமோ போகும்.

படி 4: பணம் வரும் வழி

சஸ்ஸா எனப்படும் அரசின் சமூகப் பாதுகாப்பு முகமை தரும் உதவித்தொகையை உங்கள் சொந்தப் பெயரில் உள்ள எந்த வங்கிக் கணக்குக்கும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கான படிவம் சஸ்ஸா அலுவலகத்தில் கிடைக்கும். கணக்கு விவரத்தை வங்கி உறுதிப்படுத்தித் தர வேண்டும். முதல் மாதப் பணம் புதிய கணக்கில் வந்து சேரும்வரை பழைய அட்டையை வெட்டிப் போடாதீர்கள்.

இன்னொன்று: பணம் போட்ட அன்றே எடுக்க வேண்டும் என்ற விதி இல்லை. வழக்கமாக மாதத் தொடக்கத்தில் முதியோருக்கும், அடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கும், பிறகு குழந்தைகளுக்கும் தொகை வருகிறது. அந்த நாட்களின் வரிசையையும் திருடர்களையும் தவிர்த்து, நான்கு நாள் கழித்துப் போனாலும் பணம் அங்கேயேதான் இருக்கும்.

படி 5: எடுப்பதும் செலவழிப்பதும்

மலிவான வழி, எடுக்காமலே இருப்பதுதான். அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கும்போது அட்டையாலேயே செலுத்தினால் பெரும்பாலான கணக்குகளில் கட்டணம் கிடையாது. ரொக்கம் வேண்டுமென்றால் ஷாப்ரைட், செக்கர்ஸ், பிக் அன் பே, பாக்சர் கல்லாக்களில் கேட்டு வாங்குங்கள்; ஏடிஎம்மைவிடப் பொதுவாகக் குறைவு. வேறு வங்கி ஏடிஎம்மைக் கடைசி வழியாக வையுங்கள். இருப்பைப் பார்க்க ஏடிஎம்முக்குப் போகாதீர்கள், கைபேசியில் பாருங்கள். ஸ்மார்ட்போன் இல்லாவிட்டாலும், *120* என்று தொடங்கும் வங்கி எண்ணைச் சாதாரணக் கைபேசியிலேயே அழுத்தலாம். அங்கே நேரத்துக்குக் காசு போகக்கூடும் என்பதால் தடுமாறாமல் அழுத்துங்கள்.

படி 6: தானியங்கிப் பற்று

ஏழைகளின் கணக்கில் ஓட்டை விழுவது பெரும்பாலும் இங்கேதான். வாசலுக்கு வந்த ஒருவர் இறுதிச் சடங்குக் காப்பீடு என்று கையெழுத்து வாங்கிப் போவார். தொலைபேசியில் ஒரு குரல், ‘ஆம் என்று மட்டும் சொல்லுங்கள் அம்மா’ என்னும். அடுத்த மாதத்திலிருந்து பணம் போகத் தொடங்கும். கணக்கில் பணம் இல்லாத மாதம், திரும்பிய பற்றுக்கு வங்கியும் கட்டணம் பிடிக்கும்.

டெபிசெக் என்ற முறையில், பற்று தொடங்கும் முன் உங்கள் ஒப்புதலை வங்கியே மின்னணு வழியில் கேட்கும். தெரியாத நிறுவனத்தின் பெயர் வந்தால் மறுத்துவிடுங்கள். டெபிசெக் அல்லாத பழைய வகைப் பற்று, உங்கள் அனுமதி இல்லாமல் போயிருந்தால், 40 நாட்களுக்குள் வங்கியிடம் சொல்லித் திரும்பப் பெறலாம். அதனால் மாதம் ஒருமுறையாவது கணக்கு விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். கண் தெரியாதவருக்கு வீட்டுப் பிள்ளை படித்துக் காட்டட்டும். ஒரு குடும்பத்துக்கு மூன்று இறுதிச் சடங்குக் காப்பீடு தேவையா என்றும் அந்த வேளையிலேயே பேசிவிடலாம்.

படி 7: அட்டையை யாரிடமும் கொடுக்காதீர்கள்

மஷோனிசா எனப்படும் கந்துவட்டிக்காரர்கள் கடனுக்கு ஈடாக அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் அதைத் தடை செய்கிறது. அட்டை ஏற்கெனவே அவர்களிடம் இருந்தால், வங்கியில் சொல்லி அதை முடக்கிப் புதியது வாங்குங்கள். கடன் அப்போதும் கடன்தான். ஆனால் மாதச் சாப்பாட்டுக்கான பணம் உங்கள் கையில் இருக்கும். ஏடிஎம்மில் உதவ வரும் அந்நியரிடமும் அட்டையைக் கொடுக்காதீர்கள்.

புகார் என்றால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், 2024 மார்ச் முதல் இயங்கும் தேசிய நிதி குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.