பெங்களூரில் வீடு பார்க்கிறீர்களா? தண்ணீரை விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

பெங்களூருக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வாடகை, அட்வான்ஸ், மாரத்தஹள்ளி நெரிசல் இவற்றைத்தான் கேட்பார்கள். போன மாதம் குடும்பத்தோடு வந்த தம்பி ஒருவர் மட்டும், "அண்ணா, குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கிறார்களாமே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்றார். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி செய்த வேலை.

இங்கே யாரும் கலக்குவதில்லை. நம் நாட்டில் அந்த வழக்கமே கிடையாது. அது அவர்கள் ஊர்ச் சண்டை. பல் சொத்தையைக் குறைக்க 1945-ல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஆரம்பித்தார்கள். இப்போது அங்கே பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். 1.5-க்கு மேல் போனால் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்று 2024-ல் அமெரிக்க அரசின் அறிக்கை ஒன்று வந்தது. 0.7-க்கு அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்றும் அதிலேயே இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப்பில் அந்த வரி வராது. 2025-ல் யூட்டாவும் ஃபுளோரிடாவும் கலப்பதைத் தடை செய்தன. 2011-ல் நிறுத்திய கனடாவின் கால்கரியோ, பிள்ளைகளுக்குச் சொத்தை கூடிவிட்டது என்று அதே 2025-ல் மறுபடி ஆரம்பித்தது.

நம் பிரச்சினை இதற்கு நேர் எதிர். பாறைக்குள்ளிருந்து தானாகவே கரைந்து வரும் ஃபுளோரைடு. நம் குடிநீர்த் தரத்தில் 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கமும் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் ஏராளம்.

நானே பென்னாகரம் பக்கத்துக்காரன். என் முன்பல் இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடு உண்டு. கல்லூரியில் வெற்றிலை போடுகிறவன் என்றே நினைத்தார்கள். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது மேலே படிந்த கறை இல்லை. ஈறுக்குள் பல் உருவாகும்போதே ஃபுளோரைடால் எனாமலில் ஏறியது. அதனால் எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீடுதான் அதிகம் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பல்லில் வராது, ஆனால் மிக அதிகமாக வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து ஊருக்குக் காவிரி போனது. நான் அதற்குள் பெங்களூரின் வெளிவட்டத்தில் போர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்!

நகரத்துக்குக் காவிரி சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறி வருகிறது. ஆற்று நீர், அதில் இந்தக் கவலை இல்லை. அல்சூர், சிவாஜிநகர் மாதிரி பழைய பகுதியில் வீடு கிடைத்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். வெளியே உள்ள 110 கிராமங்களுக்காக 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் திறந்தார்கள். ஆனாலும் அங்கே பல அடுக்ககங்கள் இன்னும் போரையும் டேங்கரையும்தான் நம்பியிருக்கின்றன. டேங்கரில் வருவதும் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு போர்தான்.

வீடு பார்க்கும்போது ஓனரிடம் சம்ப் (தரைக்கடித் தொட்டி) மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டரோடு ஒரு மெல்லிய குழாய் வந்தால் காவிரி. மோட்டாரிலிருந்து வருவது போர். இரண்டும் ஒரே சம்பில் கொட்டினால், வெயில் காலத்தில் எது அதிகம் என்று நானே சொல்லிவிடுவேன்.

அப்புறம், ஆர்.ஓ. என்ற சுத்திகரிப்புக் கருவி விற்க வரும் பையன் பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விட்டு "அறுநூறு சார்!" என்று பயமுறுத்துவான். அது நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, டி.டி.எஸ். என்பார்கள். ஃபுளோரைடு எவ்வளவு என்று அதில் தெரியாது. நிறம், வாசனை வைத்தும் தெரியாது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு ஒரு லிட்டர் கொடுத்துப் பாருங்கள், கண்ணாடியில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலில். கொதிக்க வைத்தால் போகாது, நீர் ஆவியாகிச் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். கிருமியைக் கொல்லும் புற ஊதா ஒளி (யு.வி.) மட்டும் உள்ள கருவியாலும் பயனில்லை. ஆர்.ஓ. எடுத்துவிடும், ஆனால் ருசிக்காக டி.டி.எஸ். திருகைத் திறந்து வைத்தால் வடிகட்டாத நீரும் கொஞ்சம் கலந்துவிடும். மெக்கானிக் போகுமுன் அதைக் கேளுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கும் வீட்டில் மச்சான் பேச்சைக் கேட்டு ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டும் வாங்கினால், பிள்ளையின் பல்லுக்கு ஃபுளோரைடு தரும் பாதுகாப்பே இருக்காது. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டையே மூன்று வயது வரை அரிசி அளவு, அதன் பிறகு பட்டாணி அளவு போடுங்கள், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

ஓனருக்குத் தமிழ் வராதே என்று தயங்க வேண்டாம். "காவேரி நீரா, போர் நீரா?" என்று கேளுங்கள். கன்னடத்திலும் அதேதான்.