பள்ளி திறக்கும் முன் ஒரு நாள்: நாகர்கோவிலிலிருந்து குடும்பத்தோடு கிளம்புவது எப்படி?

மே கடைசி வாரம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. மற்ற ஊர்களில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது இங்கே மலைப் பக்கம் மேகம் கட்ட ஆரம்பித்துவிடும், இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, எந்த நாளும் இறங்கலாம், பிள்ளைகளுக்கோ பள்ளி திறக்கக் கொஞ்ச நாள்தான் மிச்சம். முதல்முறை குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரு திசை. விடியற்காலை கன்னியாகுமரி, மதியம் திற்பரப்பு, சாயங்காலம் முட்டம் என்று திட்டம் போட்டால் பிள்ளைகளுக்கு வண்டி ஜன்னல்தான் மிஞ்சும்.

படி 1: திசையை முடிவு செய்யுங்கள்

கிழக்கே சுசீந்திரம், கன்னியாகுமரி, வட்டக்கோட்டை. கடலோரமாகப் போனால் சொத்தவிளை, முட்டம். மேற்கே பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி. புதிதாகக் கிளம்புகிறவர்கள் மேற்கே போங்கள். திடீரென்று மழை வந்தால் அரண்மனைக் கூரைக்குள் நின்றுகொள்ளலாம், வெயில் அடித்தால் அருவி இருக்கிறது.

படி 2: நாளைப் பாருங்கள்

திங்கட்கிழமை வேண்டாம், அரண்மனை மூடியிருக்கும். ஊர் தமிழ்நாட்டில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, அதனால் விடுமுறையும் அவர்கள் கணக்குத்தான். முந்தின நாள் ராத்திரி மாவட்டத்துக்கு மழை எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 3: சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டுங்கள்

வாட்டின வாழையிலையில் சோறு, தேங்காய்த் துவையல், பொரித்த முட்டை, ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். தண்ணியான குழம்பு எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், பாதி தின்று பாதியைத் தூக்கிப்போடுகிற பிரச்சினையே இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நம்ம மட்டிக்குத்தான் என்று அப்படியே சொல்லியும் கொடுங்கள். வழியில் நுங்கு கண்டால் நிறுத்துங்கள், சீசன் முடியப்போகிறது.

படி 4: காலை 9 மணிக்கு அரண்மனை

திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும், கூட்டம் சேர்ந்தால் அந்தக் குறுகலான மரப்படிகளில் ஏறி இறங்குவது வயசானவர்களுக்குக் கஷ்டம். மூட்டுவலி உள்ள பாட்டி தாத்தாவை முற்றத்திலேயே நிழலில் உட்கார வையுங்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இது. ஆனால் பிள்ளைகளிடம் வருஷத்தைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்புத் தரையில் நடக்கவிடுங்கள், அவர்களே குனிந்து தடவிப் பார்ப்பார்கள். ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டி இங்கே எத்தனை பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள் என்று கேளுங்கள். படைக்கு ஆள் எடுக்கும்போது தூக்கச் சொன்னதாக ஒரு கல்லைக் காட்டுவார்கள், அதன் பக்கத்திலிருந்து பையன்களை நகர்த்துவதுதான் பெரிய வேலை. ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

படி 5: மாத்தூர் தொட்டிப்பாலம்

அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிற தக்கலையிலிருந்து திருவட்டார் வழியாகப் போங்கள். பரளியாற்றுக்கு மேலே, 115 அடி வரை உயரத்தில், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோக 1960களில் கட்டியது. ஒன்றை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: மே மாதத்தில் தொட்டிக்குள் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது, வழக்கமாக ஜூன் தொடக்கத்தில்தான் பேச்சிப்பாறை அணையைப் பாசனத்துக்குத் திறப்பார்கள். காய்ந்த தொட்டியும் பார்க்க வேண்டியதுதான், இவ்வளவு பெரிய காங்கிரீட் தூண்கள் எதற்கு நிற்கின்றன என்பது அப்போதுதான் நன்றாகப் புரியும். நடக்கும்போது சின்னவர்கள் கையை விடாதீர்கள். கீழே ஆற்றுக்கு இறங்க நிறைய படிகள் உண்டு, ஏறுவதற்குத் தெம்பு இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க இது நல்ல இடம். குரங்கு, நாய் கவனம்.

படி 6: கடைசியாகத் திற்பரப்பு

அருவியைக் கடைசியில் வைக்கக் காரணம், நனைந்த துணியோடு வேறு எங்கும் போக முடியாது. கோதையாறு சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பிள்ளைகளுக்குத் தனியாக நீச்சல்குளம் உண்டு. மலைமேல் மழை பெய்தால் இங்கே வானம் வெளுப்பாக இருந்தாலும் தண்ணீர் ஏறும், அப்போது குளிக்கத் தடை போடுவார்கள். காவலாளியிடம் மல்லுக்கு நிற்காமல் திரும்பிவிடுங்கள். மாற்றுத்துணி, கூடுதல் துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பை, இந்த மூன்றும் இல்லாமல் போகாதீர்கள்.

கடல் பக்கம் போகிறவர்களுக்கு

இந்தப் பருவத்தில் நம்ம கடலை நம்பவே கூடாது. காற்றே இல்லாத நாளிலும் தூரத்திலிருந்து வரும் அலை திடீரென்று ஏறி அடிக்கும், அதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். பாறைமேல் ஏறிப் படம் எடுப்பது வேண்டாம், மணலில் தள்ளி உட்காருங்கள், கரையிலிருக்கும் மீனவர்கள் போகாதே என்றால் அதுதான் கடைசி வார்த்தை. விவேகானந்தர் பாறைக்குப் படகு என்றால் காலையிலேயே போங்கள். கடல் சீறினாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள், அப்படி நின்றால் வட்டக்கோட்டைக்கு வண்டியைத் திருப்புங்கள், கருங்கல் மதில்மேல் நின்றே கடலைப் பார்க்கலாம்.