ரிஃப்ளெக்‌ஷன் கட்டுரைக்கு வெர்ஷன் ஹிஸ்டரி

அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு காம்போசிஷன் (கட்டுரை எழுதக் கற்றுத்தரும்) வகுப்பின் முடிவில், 'எழுத்தில் எப்படி வளர்ந்தேன்' என்று எழுதச் சொன்னால், முதலில் கூகுள் டாக்ஸில் உங்கள் பழைய கட்டுரையைத் திறந்து கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஹெச் நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். வெர்ஷன் ஹிஸ்டரி, அதாவது அந்தக் கோப்பின் பழைய வடிவங்களின் பட்டியல், வரும். ஒரே பத்தியின் முதல் வரைவையும் கடைசி வரைவையும் அருகருகே வைத்து, எதை, ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

'நான் நிறைய முன்னேறினேன்' என்ற வரி எதையும் நிரூபிக்காது. பொத்தாம்பொதுவாக இருந்த மையக்கருத்து வாதிடக்கூடிய ஒன்றாக மாறியதையோ, மேற்கோளை அப்படியே விட்டுவிடாமல் அடுத்த வரியில் அதை விளக்கியிருப்பதையோ காட்டினால் அதுவே சான்று. பெரும்பாலான ஆசிரியர்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான். நினைவிலிருந்து தேடி எழுதும் நேரமும் மிச்சம். எழுத்துப்பிழை திருத்தங்களை விட்டுவிடுங்கள். வாதமோ அமைப்போ மாறிய இடம்தான் பேசும்.

வேறு எங்கோ எழுதி முடித்துக் கடைசியில் ஒட்டிய கோப்பில் இது பலிக்காது. வகுப்பிலேயே கையால் எழுதிய கட்டுரைக்கும் அப்படித்தான். அங்கே ஆசிரியர் குறிப்பெழுதிய தாள்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அப்புறம், ஃபைலைத் திருத்தும் அனுமதி இல்லாவிட்டாலும் ஹிஸ்டரி தெரியாது.